முன்னால் ஓடும் மறியை விற்கலாமா?

கேள்வி: தேவிபட்டினம் பக்கம் செம்மறி வளர்க்கிறேன். ஒரே தாய்க்குப் பிறந்த இரண்டு மறிகளில் ஒன்று வேலி தாண்டி எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடுகிறது; மற்றது மந்தை நடுவை விட்டு நகராது. நாய்த் தொல்லை வேறு. ஓடுவதை விற்றுவிடலாமா?

பதில்: அவசரப்பட்டு விற்காதீர்கள், சகோதரி. அது வளர்ப்புக் கோளாறு இல்லை. துணிச்சலும் பயமும் ஓரளவு ரத்தத்தில் வருபவை. மனிதர்களிலும் அப்படித்தான்: இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள், குண வேறுபாட்டில் ஏறக்குறையப் பாதிக்கு மரபே காரணம் என்கின்றன.

இரண்டு குணமும் அழியாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. கனடாவின் ராம் மலையில் காட்டுச் செம்மறிகளைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். உப்பு வைத்த அடைப்புக்குள் துணிந்து நுழைந்த பெட்டைகள் சீக்கிரமே குட்டி போடத் தொடங்கின. பூமா என்னும் காட்டுப் பெரும்பூனை ஆடுகளை நிறைய அடித்த ஆண்டுகளிலும் துணிந்தவை, பிடிக்குள் அடங்காதவைதான் அதிகம் பிழைத்தன. அதற்காகத் துணிச்சலே எப்போதும் ஜெயிக்கும் என்றில்லை. நெதர்லாந்துப் பட்டாணிக் குருவிகளில் எந்தக் குணம் பிழைக்கும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறியது. ஐப்பசி மழை ஏமாற்றும் நம் கரையில் மந்தையில் இரண்டும் கலந்திருப்பதே நல்லது என்பேன். காய்ந்த காலத்தில் கருவை நெற்று உதிர்ந்த இடத்துக்கு மற்றவற்றை இழுத்துப்போவது அந்த ஓடுகாலி மறிதான். கழுத்தில் மணி கட்டிவிடுங்கள். நாய்த் தொல்லைக்கு வழி பட்டியில்தான்: கருவை முள்ளை நெருக்கி அடையுங்கள், பொழுது சாயுமுன் உள்ளே ஓட்டுங்கள்.

குணத்தை ஒரே நாளில் முடிவு கட்டாதீர்கள். மறியைத் தனியே அடைத்துச் சற்று நேரம் பாருங்கள்: காலைத் தட்டுகிறதா, விடாமல் கத்துகிறதா, உங்கள் கையை முகர வருகிறதா? சில வாரம் கழித்தும் அப்படியே செய்தால்தான் அது குணம். துணிந்த ஆடு திடீரென்று ஒதுங்கி நின்றால் அது நோயாக இருக்கலாம். கீழிமையைப் புரட்டிப் பாருங்கள். வெளுத்திருந்தால் குடற்புழுவாக இருக்கலாம், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கிடாவில் மட்டும் கண்டிப்பு வேண்டும். சைபீரியாவில் 1959-இல் தொடங்கி, மனிதரிடம் சாந்தமாக இருந்த நரிகளையே இனம் சேர்த்து வந்தார்கள். சில தலைமுறையிலேயே குட்டிகள் வாலாட்டி அருகே வந்தன. ஒரு கிடாவின் குணம் உங்கள் பட்டி முழுக்கப் பரவும். ஆளை முட்ட வரும் கிடாவை இனத்துக்கு விடாதீர்கள், எவ்வளவு எடை இருந்தாலும்.