மீன் சந்தையிலிருந்து சட்டமன்றத்துக்கு

கேள்வி: பருவ காலத்தில் மாங்கூழ் தொழிற்சாலை வேலைக்குச் செல்பவள் நான். நியூயார்க் சட்டமன்ற உறுப்பினராக இருந்த ஆல் ஸ்மித் தொழிலாளர்களுக்காகப் பல சட்டங்கள் கொண்டுவந்தார் என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். அதிகம் படிக்காத அவரால் அது எப்படி முடிந்தது?
– வாசகி, காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: 1873இல் நியூயார்க் நகரின் ஏழைக் குடியிருப்பில் பிறந்த ஆல்பிரட் ஸ்மித், தந்தை இறந்ததால் எட்டாம் வகுப்பை முடிக்காமலே வேலைக்குச் சென்றார். ஃபுல்டன் மீன் சந்தையில் வாரம் 12 டாலர் கூலி பெற்ற அவர், 1904இல் மாநிலச் சட்டமன்றத்தின் கீழவைக்குள் நுழைந்தபோது, அங்கே தரப்பட்ட மசோதாக்களின் மொழியே அவருக்கு விளங்கவில்லை. இரவில் அறைக்குத் திரும்பியதும் அவற்றை வரி விடாமல் படித்தார். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த இந்தப் படிப்பு, மாநிலத்தின் வரவு செலவை அவரைப் போல் அறிந்தவர் சிலரே என்னும் நிலைக்கு அவரை உயர்த்தியது.

1911 மார்ச் 25 அன்று நியூயார்க் நகரின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் பற்றிய தீயில் 146 பேர் இறந்தனர். பெரும்பாலோர் இளம் பெண்கள். ஒன்பதாம் தளத்தில் ஒரு கதவு பூட்டியிருந்தது, வெளிப்புற இரும்புப் படிக்கட்டு பாரம் தாங்காமல் சரிந்தது, தீயணைப்பு ஏணியோ ஆறாம் தளம் வரைதான் எட்டியது. அதன்பின் மாநிலம் அமைத்த தொழிற்சாலை விசாரணை ஆணையத்துக்கு ராபர்ட் வாக்னர் தலைவரும் ஸ்மித் துணைத் தலைவரும் ஆனார்கள். பிரான்சிஸ் பெர்கின்ஸ் என்ற பெண்மணி உறுப்பினர்களை நேரில் அழைத்துச் சென்று, பட்டாணி உரிக்கும் சின்னஞ்சிறு குழந்தைகளையும், பேருக்கு மட்டும் இருந்த அவசர வழிகளையும் காட்டினார். அறிக்கைகளை மட்டும் படித்திருந்தால் ஸ்மித்துக்கு அந்த உறுதி வந்திருக்காது என்பது என் எண்ணம்.

காய்கனி பதப்படுத்தும் ஆலைகளுக்கு வார ஓய்வுச் சட்டத்திலிருந்து விலக்கு கோரப்பட்டபோது அவர் பேசியது உங்கள் தொழிலுக்கு மிக நெருக்கமானது. ஓய்வு நாளைப் புனிதமாகக் கடைப்பிடிக்கச் சொல்லும் வேதக் கட்டளையில், அந்த ஆலைகளைத் தவிர என்ற சொற்களைத் தாம் காணவில்லை என்றார் அவர். பழம் அழுகிவிடும் என்ற அவசரம் உண்மைதான். ஆனால் அந்த அவசரத்தின் சுமையைத் தொழிலாளி மட்டும் ஏன் தாங்க வேண்டும்?

1913இல் அவைத் தலைவரான அவர், பின்னர் நான்கு முறை ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1928 குடியரசுத் தலைவர் தேர்தலில் ஹூவரிடம் தோற்றார், 1944இல் மறைந்தார்.

நம் நாட்டில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும் வார விடுமுறையை வலியுறுத்தியது. ஆட்கள் உள்ளே இருக்கும்போது வெளியேறும் கதவை உடனே திறக்க முடியாதபடி பூட்டக் கூடாது என்றது. உங்கள் ஆலையில் அப்படிப் பூட்டப்பட்டால், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு எழுத்து மூலம் புகார் அளியுங்கள்.