ஃபோல்டரில் இருக்கிறது, தளத்தில் காணோம்!

கேள்வி: வேர்ட்பிரஸ் தளத்துக்கு ஒரே மூச்சில் 300 படங்களை எஃப்டிபி (கோப்புகளை நேரே சர்வருக்கு அனுப்பும் முறை) வழியாக அப்லோட்ஸ் ஃபோல்டரில் ஏற்றினேன். மீடியா லைப்ரரியில் ஒன்றுகூடத் தெரியவில்லை. ஆனால் படத்தின் முகவரியை பிரவுசரில் அடித்தால் படம் ஜம்மென்று வருகிறது. எங்கே தப்பு?

தப்பு எதுவும் நடக்கவில்லை, வேலை பாதியில் நிற்கிறது, அவ்வளவுதான். மீடியா லைப்ரரி ஃபோல்டரை எட்டிப் பார்ப்பதே இல்லை. டேட்டாபேஸில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் காட்டும். டாஷ்போர்டு (வேர்ட்பிரஸின் நிர்வாகப் பக்கம்) வழியாக ஒரு படம் ஏற்றும்போது மூன்று வேலை நடக்கிறது: கோப்பு ஆண்டு, மாதம் வாரியான ஃபோல்டரில் போய் உட்காருகிறது, 'இப்படி ஒரு படம் வந்திருக்கிறது' என்று டேட்டாபேஸில் ஒரு வரி ஏறுகிறது, அப்புறம் 150 பிக்சல், 300 பிக்சல் என்று சின்னச் சின்ன நகல்கள் தயாராகின்றன. எஃப்டிபி முதல் வேலையை மட்டும் செய்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய்விடும். அதற்கு வேர்ட்பிரஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

சர்வரில் கமாண்ட் லைன் வசதி இருந்தால் டபிள்யூபி-சிஎல்ஐ (வேர்ட்பிரஸைக் கட்டளைகளால் இயக்கும் கருவி) தரும் மீடியா இம்போர்ட் கட்டளையைப் பயன்படுத்துங்கள். படங்கள் ஏற்கெனவே அப்லோட்ஸில் இருப்பதால் ஸ்கிப்-காப்பி என்ற விருப்பத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் இன்னொரு நகல் எடுத்து வைத்துவிடும். மீடியா ரீஜெனரேட் என்று இன்னொரு கட்டளை உண்டு, பலர் அதை ஓட்டிவிட்டு 'ஒன்றும் நடக்கவில்லையே' என்று விழிப்பார்கள். அது டேட்டாபேஸில் பதிவான படங்களுக்குத்தான் நகல் செய்யும், உங்கள் 300-ஐ அதற்குத் தெரியாது. கமாண்ட் லைன் இல்லையா? சர்வரில் கிடக்கும் கோப்புகளை லைப்ரரியில் பதிவு செய்யும் ப்ளகின்கள் இருக்கின்றன.

இதே கதை தலைகீழாகவும் நடக்கும். எஃப்டிபியில் படத்தை அழித்தால் லைப்ரரியில் வெறும் பெட்டி மட்டும் மிஞ்சும். அழிப்பதை மட்டுமாவது டாஷ்போர்டிலேயே செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் தளம் ப்ளோனில் (வேர்ட்பிரஸ்போல இன்னொரு தள நிர்வாக மென்பொருள்) ஓடுகிறது. வெப்டேவ் மூலம் தளத்தையே கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர்போலத் திறந்து எடிட் செய்யலாம் என்கிறார்கள். எஃப்டிபிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

எஃப்டிபி 1971-லேயே வந்துவிட்டது, அதாவது வெப் பிறப்பதற்கு முன்பே. வெப்டேவ் 1999-இல் வந்தது, 2007-இல் திருத்தப்பட்டது. அது தனி வண்டி இல்லை, நீங்கள் தினமும் பிரவுசரில் பயன்படுத்தும் எச்டிடிபியிலேயே சில புதிய கட்டளைகளைச் சேர்த்தது. 'இந்த ஃபோல்டரில் என்னென்ன இருக்கிறது?' என்று கேட்க ப்ராப்ஃபைண்ட், ஃபோல்டர் உண்டாக்க எம்கேகால், 'நான் எடிட் செய்கிறேன், வேறு யாரும் தொடாதே' என்று சொல்ல லாக், இப்படி. பொதுவாகப் பாதுகாப்பான வலைப்பக்கங்கள் வரும் 443-ஆம் போர்ட்டிலேயே (போர்ட் என்பது சர்வரின் எண்ணிட்ட வாசல்) போய்வருவதால் ஃபயர்வாலில் தனியாக வாசல் திறக்க வேண்டிய தொல்லையும் பெரும்பாலும் இல்லை.

உங்களுக்கு முக்கியமான விஷயம் வேறு. ப்ளோனில் ஒரு பக்கம் என்பது டிஸ்கில் இருக்கும் கோப்பு கிடையாது. ப்ளோனுக்கு அடித்தளமான ஸோப் என்ற சர்வர் மென்பொருளின் டேட்டாபேஸில் இருக்கும் ஒரு பொருள். வெப்டேவ் வழியாக வரும்போது ஸோப்பே அதை ஒரு கோப்புபோலக் காட்டுகிறது, நீங்கள் சேவ் செய்தால் திரும்ப வாங்கித் தன் இடத்தில் வைத்துக்கொள்கிறது. ஆகவே யாருக்கு என்ன அனுமதி என்ற கணக்கு இங்கேயும் செல்லும். எஃப்டிபி வீட்டின் பின்சுவரைத் தாண்டிக் குதிப்பது என்றால் இது வாசலில் மணியடித்து உள்ளே போவது.

ஆனால் வெப்டேவ் என்ற பெயரைப் பார்த்ததும் எல்லாம் இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். அப்பாச்சி சர்வரின் வெப்டேவ் மாட்யூலை ஒரு பிஎச்பி (சர்வரில் ஓடிப் பக்கத்தை உண்டாக்கும் நிரல்மொழி) தளத்தின் ஃபோல்டர் மேல் மாட்டிவிட்டால் அதுவும் பின்சுவர்தான். நான் ஒருமுறை அப்படி மாட்டி வாங்கிக் கட்டிக்கொண்டேன். தீமின் ஒரு பிஎச்பி கோப்பைத் திறந்தேன், உள்ளே பிஎச்பி ஒரு வரிகூட இல்லை, வெறும் எச்டிஎம்எல். தூக்கக் கலக்கத்தில் ஒரு வார்த்தையைத் திருத்தி சேவ் செய்துவிட்டேன். நடந்தது இதுதான்: கோப்பைக் கேட்டதும் சர்வர் அதை அப்படியே தராமல் ஓட்டி முடித்து விளைவைத் தந்திருக்கிறது. நான் அந்த விளைவை மூலத்தின் மேலேயே எழுதிவிட்டேன். ஸோப்பில் மூலத்தை அப்படியே தர வெப்டேவுக்கென்று தனி போர்ட் வைத்ததற்குக் காரணமே இந்தச் சிக்கல்தான்.

லாக் பற்றியும் ஒரு வார்த்தை. எடிட்டரை மூடாமல் லேப்டாப்பை மடக்கிவிட்டுப் போனால் பூட்டு அப்படியே தங்கிவிடலாம். அடுத்தவர் சேவ் செய்யும்போது 423 என்று பிழை வரும். பாஸ்வேர்டை மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம், பூட்டை நிர்வாகியிடம் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: விண்டோஸில் வெப்டேவை நெட்வொர்க் டிரைவாக இணைத்திருக்கிறேன். 60 எம்பி வீடியோவை என் கம்ப்யூட்டருக்கு எடுக்க முடியவில்லை.

விண்டோஸ் தானாக வைத்திருக்கும் வரம்பு 5 கோடி பைட். அதாவது விண்டோஸ் கணக்கில் 50 எம்பிக்குக் கொஞ்சம் குறைவு. விண்டோஸின் உள் அமைப்புப் பட்டியலான ரெஜிஸ்ட்ரியில் 4 ஜிபி வரை கூட்டலாம், ஆனால் இந்த இணைப்பை நடத்தும் வெப்கிளையன்ட் சேவையையே 2023-இல் மைக்ரோசாஃப்ட் கைவிடும் பட்டியலில் சேர்த்துவிட்டது. வின்எஸ்சிபி அல்லது சைபர்டக் என்ற கோப்பு மாற்றும் மென்பொருளுக்கு மாறிவிடுங்கள், இரண்டுக்கும் வெப்டேவ் தெரியும்.

கேள்வி: பழைய மேக்கிலிருந்து 'தொடர்பு' என்ற பெயரில் ஒரு படத்தை ஏற்றினேன். பக்கத்தில் அதே பெயரைத் தட்டி இணைப்புக் கொடுத்தால் 404 வருகிறது. எழுத்துக்கு எழுத்து சரிபார்த்துவிட்டேன்!

உங்கள் கண்மேல் தப்பில்லை. யூனிகோடில் 'தொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். த-வுக்குப் பிறகு ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைப்பது ஒன்று. கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியீடாகப் பிரித்து வைப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றுதான். மேக்கின் பழைய எச்எஃப்எஸ்+ கோப்பு முறை பெயரைப் பிரித்துத்தான் சேமிக்கும், உங்கள் கீபோர்டு சேர்த்துத் தட்டியிருக்கும். யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் முதல் வகை 'தொ' 6 பைட், இரண்டாவது 9 பைட். லினக்ஸ் சர்வர் பைட்டைத்தான் ஒப்பிடும், அதற்கு இவை இரண்டு வேறு பெயர்கள். கொ, கோ, கௌ வரிசை எழுத்துகளிலும் ஔ-விலும்தான் இந்த வம்பு. 'படம்' என்று வைத்திருந்தால் உங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

சர்வரில் கோப்புப் பெயர்களை மாற்றும் கன்வ்எம்வி என்ற கருவி இருந்தால் என்எஃப்சி (சேர்த்து எழுதும் வடிவம்) விருப்பத்தோடு ஓட்டினால் எல்லாப் பெயர்களையும் சேர்த்து எழுதிவிடும். முதலில் என்ன செய்யப்போகிறது என்று மட்டும் காட்டும், நோடெஸ்ட் என்று சொன்னால்தான் நிஜமாகவே மாற்றும். இனிமேல் ஏற்றும் கோப்புகளுக்கு ஆங்கிலச் சிறிய எழுத்தில் பெயர் வைத்துவிட்டு, தமிழைப் படத்தின் தலைப்பில் எழுதுங்கள். தமிழ்ப் பற்றுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

கேள்வி: எங்கள் ஹோஸ்டிங்கில் சாதா எஃப்டிபி மட்டும்தான் தருகிறார்கள். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். சாதா எஃப்டிபியில் பாஸ்வேர்டு அப்படியே வெட்டவெளியில் போகும். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2021-லேயே எஃப்டிபியைத் தூக்கிவிட்டன. எல்லாவற்றையும் மறையாக்கி அனுப்பும் எஸ்எஃப்டிபி கேளுங்கள், அது 22-ஆம் போர்ட். அதுவும் முடியாது என்றால் டிஎல்எஸ் மறையாக்கம் சேர்ந்த எஃப்டிபிஎஸ். இரண்டுக்கும் கையை விரித்தால் வேறு ஹோஸ்டிங் பாருங்கள்.