ரெண்டு வடவாறு

வணக்கம் சார். நான் வடுவூர். வெளியூர்ல இருக்கற எம்பொண்ணு மெம்பரா இருக்கற லைப்ரரில சரித்திர நாவல் படிக்கிறவங்களுக்குன்னு ஆன்லைன்ல வாசகர் வட்டம் ஆரம்பிச்சிருக்காங்க. மாசம் ஒரு புத்தகம், போன்லயே படிச்சிட்டு மாசக் கடைசில வீடியோ கால்ல பேசணுமாம். முதல் மாசம் பொன்னியின் செல்வன் முதல் பாகம். நீயும் சேரும்மாங்கறா. நான் பத்தாவது வரைக்குந்தான் படிச்சேன், வர்றவங்க எல்லாம் ஹிஸ்டரி படிச்சவங்களா இருப்பாங்க, நான் போயி என்னத்த பேசுறது? போன்ல படிச்சா கண்ணும் வலிக்குது. சேரலாமா?

— ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

சேருங்க, யோசிக்கவே வேண்டாம்.

வடுவூர்னு பாத்ததுமே எனக்கு நாவலோட முதல் அத்தியாயந்தான் ஞாபகம் வந்துச்சு. ஆடிப்பெருக்கு அன்னிக்கி கதாநாயகன் வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரை மேல, அதான் இப்ப வீராணம்ங்கறோமே அந்த ஏரி, குதிரைல வர்றான், கொள்ளிடத்துலேந்து வடவாறு வழியா தண்ணி வந்து ஏரி ததும்பி நிக்குது, 74 கணவாய்லயும், அதாவது மதகுலயும், தண்ணி பாயுது. அந்த வடவாறு வேற, தஞ்சாவூர்ப் பக்கம்லேந்து வந்து உங்க வடுவூர் ஏரிய நெறைக்கிற வடவாறு வேற, பேரு மட்டும் ஒண்ணு. தூரத்துல உக்காந்து படிக்கிறவங்களுக்கு இதெல்லாம் ஒரு வரி, கண்ண ஓட்டிட்டு அடுத்த பக்கம் போயிருவாங்க. உங்களுக்கு அப்படியா? ஏரி நெறஞ்ச அன்னிக்கி கரைல நின்னா என்ன வாசம் அடிக்கும், மதகத் தெறந்தா என்ன சத்தம், ஆடி 18க்கு காதோலை கருகமணி எதுக்கு ஆத்துல விடறோம், இதச் சொல்ல அந்தக் கூட்டத்துல வேற யாரு இருக்கா?

ஹிஸ்டரி படிச்சவங்க இருந்தா நல்லதாப்போச்சு, கேளுங்க. எது நடந்தது எது கல்கி கட்டுனதுன்னு கேக்கத்தான் வட்டமே. கதைல வர்ற நந்தினி முழுக்க அவரோட கற்பனை. ஆனா சதிகாரனா வர்ற ரவிதாசன் பேரு கல்வெட்டுலயே இருக்கு, ராஜராஜனோட அண்ணன் ஆதித்த கரிகாலன கொன்னவங்க சொந்தக்காரங்களோட நெலத்த எடுத்துக்கிட்டத சொல்ற ராஜராஜன் காலத்து கல்வெட்டு, அதுவும் அதே வீராணத்துக்குப் பக்கத்துல காட்டுமன்னார்கோயில் உடையார்குடி கோயில்ல. நான் தனியா படிச்ச காலத்துல நந்தினி நெசமா வாழ்ந்தவன்னே ரொம்ப வருஷம் நம்பிட்டு இருந்தேன், எடுத்துச் சொல்ல ஒரு ஆளு இல்ல. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கு.

இப்ப போன் விஷயம். எழுத்த பெருசாக்கிக்கலாம், பொண்ணுகிட்ட கேட்டா வச்சுத் தருவா. மின்னூலும் லைப்ரரி காப்பி மாதிரிதான், பெரும்பாலும் எத்தன லைசென்ஸ் வாங்கிருக்காங்களோ அத்தன பேருதான் ஒரே நேரத்துல எடுக்கலாம், மத்தவங்க வரிசைல காத்திருக்கணும், தேதி முடிஞ்சா தானா போயிரும். அதனால புத்தகம் பேரு அறிவிச்ச அன்னிக்கே சொல்லி வச்சிருங்க. சில லைப்ரரில அந்த ஊரு முகவரி இருந்தாத்தான் கார்டு குடுப்பாங்க, அதையும் முன்னாடியே கேட்டுக்கோங்க. முதல் மாசத்துக்கு இந்தக் கவலையே இல்ல, கல்கி எழுத்து 1999ல நாட்டுடைமை ஆயிடுச்சு, மதுரைத் திட்டம் தளத்துல அஞ்சு பாகமும் இலவசமா கெடைக்கும். 1950லேந்து 1954 வரைக்கும் வாரா வாரம் பத்திரிகைல வந்த தொடர், அத்தியாயம் எல்லாம் சின்னச் சின்னது. முதல் பாகத்துல 57 அத்தியாயம், தெனம் ரெண்டு படிச்சா மாசத்துக்குள்ள முடிஞ்சிரும், கண்ணும் வலிக்காது.

பத்தாவதுன்னு தயங்காதீங்கம்மா. 1931லயே உங்க மன்னார்குடி பக்கம் மாட்டு வண்டில புத்தகம் ஏத்திக்கிட்டு கிராமம் கிராமமா போனாங்க. அதே வருஷந்தான் சீர்காழில பொறந்த எஸ்.ஆர்.ரங்கநாதனோட நூலக விதிகள் புத்தகமும் வந்துச்சு, அதுல ஒரு விதி ஒவ்வொரு வாசகருக்கும் அவரவர் புத்தகம்ங்கறது. புத்தகம் ஜனங்களத் தேடி வந்த மண்ணு உங்களுது.

முதல் கூட்டத்துல ரெண்டு வடவாறு பத்தி கண்டிப்பா பேசுங்க. பேசிட்டு அவங்க என்ன கேட்டாங்கன்னு எனக்கு எழுதுங்க, காத்திருக்கேன்.