விளக்குக்கு ஏறும் வழி

அன்புள்ள ஆசிரியருக்கு,

கட்டைகளை அடுக்கி உலகம் கட்டும் மைன்கிராஃப்ட் கணினி விளையாட்டில், பண்டைய எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் நின்ற ஃபாரோஸ் கலங்கரை விளக்கத்தை நான்கு மாதமாகக் கட்டிவருகிறேன். கட்டைகளுக்குக் கணக்கில்லாத, பறக்கவும் முடிகிற கிரியேட்டிவ் மோடுதான். விளையாட ஒன்றும் இல்லாத, பார்த்து ரசிக்க மட்டுமான மேப். ஒரு ப்ளாக் (ஒரு கட்டை) ஒரு மீட்டர் என்று கணக்கு. சதுரம், எண்கோணம், உருளை என மூன்று அடுக்கும் முடிந்துவிட்டன. எல்லாம் வெள்ளை குவார்ட்ஸ், உச்சியில் நெதர்ராக் என்ற எரியும் கல்லில் தீ. அலங்காரத்துக்குத்தானே என்று உள்ளே ஒன்றும் வைக்கவில்லை. என் கேள்வி: சிலர் உயரம் 100 மீட்டர் என்கிறார்கள், சிலர் 130க்கு மேல் போகிறார்கள். எதை எடுத்துக்கொள்வது? நண்பர்கள் இதை வெட்டி வேலை என்கிறார்கள், நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்களா? அடுத்து, துறைமுக வாயிலில் கால்பரப்பி நிற்கும், கிரேக்கத் தீவு ரோட்ஸின் பழைய பெருஞ்சிலையைக் கட்ட எண்ணம். என் பெயரை எங்காவது ஒரு மூலையில் ஒளித்துவைக்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நான்கு மாதம் உட்கார்ந்து ஒன்றைக் கட்டியவர், எதையும் கட்டாதவர்களிடம் போய் இது வெட்டி வேலையா என்று கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை. என்னிடம் கேட்பதும்தான்.

ரோட்ஸ் சிலை கால்பரப்பி நிற்கவில்லை. அது பிற்காலத்தவர் வரைந்து பரப்பிய கற்பனை. முப்பத்துச் சொச்சம் மீட்டர் வெண்கல உருவம் ஒரு துறைமுக வாயிலையே தாண்டி நிற்பது எப்படி? கி.மு. 226 வாக்கில் நிலநடுக்கத்தில் முழங்காலோடு முறிந்து தரையில் விழுந்தது, பல நூற்றாண்டுகள் அங்கேயே கிடந்தது. வாயிலுக்கு மேல் நின்றிருந்தால் விழுந்த அன்றே துறைமுகம் அடைபட்டிருக்கும். ஐந்து நிமிடம் யோசித்தால் தெரிந்துவிடும்.

பெயரை ஒளிக்காதீர்கள். ஃபாரோஸைக் கட்டிய நைடஸ் ஊர் சோஸ்ட்ராடஸ் தன் பெயரைக் கல்லில் வெட்டி, மேலே சுண்ணம் பூசி, அதன்மேல் மன்னன் பெயரை எழுதினான் என்று கிரேக்க எழுத்தாளர் லூசியன் ஒரு கதை சொல்கிறார். சுண்ணம் உதிர்ந்ததும் உள்ளே இருந்தவன் வெளியே வந்தானாம். அழகான கதை. ஆனால் பெயரைப் பொறிக்க மன்னர் தாலமியே பெருந்தன்மையோடு இடம் கொடுத்தார் என்று லூசியனுக்கு முன்பே ரோமானியர் பிளினி எழுதிவிட்டார். நீங்களும் வாசலிலேயே எழுதிவையுங்கள்.

வாசல் இருந்தால், சொல்கிறேன். "உள்ளே ஒன்றும் வைக்கவில்லை" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை.

போன வாரம் பழைய பெட்டியைக் குடைந்தபோது என் தம்பியின் கட்டம் போட்ட நோட்டு ஒன்று கிடைத்தது. பன்னிரண்டு வருடம் இருக்கும். கால் முறிந்து மூன்று மாதம் படுக்கையில் கிடந்தான். மடியில் கணினி, அதில் இதே ஃபாரோஸ். நோட்டில் எண்கோணத்துக்கு அவன் போட்ட கணக்கு அப்படியே இருக்கிறது: 17 ப்ளாக் அகலம் என்றால் நேர்ப்பக்கம் 7, மூலைக்கு 5 படி. ஐந்தும் ஏழும் ஐந்தும். சதுரக் கட்டையை வைத்துக்கொண்டு எட்டு முகம் காட்ட இதைவிட நல்ல எண்கள் கிடைப்பது கஷ்டம். நீங்களும் இங்கே வந்து முட்டியிருப்பீர்கள்.

வெளிச்சுவரை இரண்டு நாளில் முடித்துவிட்டான். அப்புறம் வாரக்கணக்கில் உள்ளேயே கிடந்தான். எட்டிப் பார்த்தால் திரையில் இருட்டு, சரிவு, திருப்பம், மறுபடி சரிவு. "வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியப்போவதில்லை, இதற்குப் போய் இத்தனை நாளா?" என்று கத்தினேன். தலையைத் தூக்காமல் சொன்னான்: "மேலே எரியுதுன்னா யாராவது தூக்கிட்டுப் போகணும்ல?"

முதல் அடுக்குக்குள் சுவரை ஒட்டிச் சுற்றி ஏறும் சரிவு. ஒரு சுற்று 88 ப்ளாக். நான்கு ப்ளாக்குக்கு ஒரு ஸ்லாப், அதாவது அரை ப்ளாக், ஏறினால் சுற்றுக்கு 11 உயரம், ஐந்தரைச் சுற்றில் 60 மீட்டர். பொதி சுமக்கும் விலங்குக்கு அதைவிடச் செங்குத்து கூடாதென்று அவனே முடிவு செய்துகொண்டான். முடிந்த அன்று ஒரு கோவேறு கழுதையின் முதுகில் பெட்டி ஏற்றி, நிறையக் கரி போட்டு, கயிறு கட்டி மேலே நடத்திப்போனான். பறக்கவில்லை. எழுந்து நிற்க முடியாத பையன்.

நெதர்ராக் அணையாது, எஸ். ஒருமுறை பற்றவைத்தால் போதும், உங்கள் கணினி உள்ளவரை எரியும். அங்கேதான் உங்கள் கோபுரம் பொய்யாகிறது. நிஜத் தீ ஒவ்வொரு இரவும் தின்னும். அது தின்பதை ஒவ்வொரு பகலும் யாரோ ஏற்ற வேண்டும். கி.மு. 280 வாக்கில் கட்டிய அந்தக் கட்டடத்தின் பெரும்பகுதி விளக்கு அல்ல, விளக்குக்குப் போகும் பாதை.

நேரில் பார்த்தவர்கள் எழுதியதைப் படியுங்கள். அல்-பலாவி என்ற ஆண்டலூசியர் (ஸ்பெயின் முஸ்லிம்) 1166இல் ஏறி, அறை அறையாக அளந்து எழுதினார். 1183இல் வந்த பயணி இப்னு ஜுபைர், உள்ளே படிகளும் வழிகளும் அறைகளும் அத்தனை இருப்பதால் நுழைந்தவர் வழிதவறிப் போகக்கூடும் என்கிறார். உச்சியில் மக்கள் தொழும் பள்ளிவாசல் இருந்ததையும் சொல்கிறார். 1326இல் மொராக்கோப் பயணி இப்னு பதூதா பார்க்கும்போது ஒரு பக்கம் இடிந்திருந்தது. அப்போதும் அவர் கவனித்தது வாசலை: தரையைவிட்டு உயரத்தில் வாசல், எதிரே அதே உயரத்தில் ஒரு கட்டடம், நடுவே பலகைப் பாலம், பலகையை எடுத்துவிட்டால் யாரும் நுழைய முடியாது. 1349இல் திரும்பி வந்தபோது அந்த வாசலுக்கே ஏற முடியவில்லை.

வெளித்தோற்றத்தை முதன்மையாக்கியது நாம்தான். நீங்கள் பார்த்துக் கட்டிய படம் அநேகமாக ஜெர்மன் ஆய்வாளர் ஹெர்மன் தியர்ஷ் 1909இல் வரைந்ததன் வழிவந்ததாக இருக்கும். அருமையான உழைப்பு அது. ஆனால் அல்-பலாவியின் அளவுகள் ஸ்பானிய அறிஞர் அசீன் பலாசியோஸ் மூலம் ஆய்வாளர்கள் கைக்கு வந்ததே 1933இல். அதற்குள் எல்லோர் மனத்திலும் அந்தப் படம் உட்கார்ந்துவிட்டது.

1994இல் பிரெஞ்சுத் தொல்லியலாளர் ழான்-ஈவ் எம்பரர் குழு, ஃபாரோஸ் நின்ற இடத்திலுள்ள கைத்பே கோட்டையை ஒட்டிய கடலடியில் இறங்கித் தேடியது. 2025இல் அங்கிருந்து 22 பெருங்கற்களைத் தூக்கினார்கள். அவற்றில் என்ன இருந்தது தெரியுமா? வாசல் நிலை, உத்திரம், படிக்கல். நீங்கள் வைக்காமல் விட்டது. வாசலுக்கு மட்டுமாவது குவார்ட்ஸை எடுத்துவிட்டு கிரானைட் வையுங்கள்.

தம்பியின் மேப் இப்போது இல்லை. ஹார்ட் டிஸ்க் போனபோது அதுவும் போய்விட்டது. அதற்குள் ஒருமுறைகூட நான் நடந்து பார்க்கவில்லை. ஆகவே உங்களுடையதை அனுப்புங்கள், ஆனால் சரிவுப்பாதை போட்ட பிறகு. நான் பறக்க மாட்டேன், நடந்துதான் ஏறுவேன். மூன்றாவது சுற்றில் உட்கார ஓர் இடம் வையுங்கள். அவன் வைத்திருந்தான்.

உயரம் கேட்டிருந்தீர்கள். 100 என்றே வையுங்கள். தம்பி நோட்டில் 103 என்று இருக்கிறது. எங்கிருந்துடா எடுத்தாய் என்று போனில் கேட்டேன், ஞாபகமில்லை என்கிறான்.