ரத்த ஓட்டத்தைப் படிக்கணும் என்கிற பெண்ணுக்கு என்ன வழி?

வணக்கம் அம்மா.

நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இரண்டு முறை கேட்டேன். உங்கள் மகள் பயோ-மேக்ஸ் குரூப், நீட்டில் மார்க் பத்தவில்லை. இன்னொரு வருஷம் கோச்சிங் போடலாம் என்றால், "கருவுல ரத்தம் ஓடி ஓடித்தான் குழாயே உருவாகுதாம், அதைப் படிக்கணும்" என்கிறாள். "இது சோறு போடுமா சார்?" என்றீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு முன் அவள் எதைப் பார்த்து மயங்கியிருக்கிறாள் என்று சொல்லிவிடுகிறேன்.

அடைவைத்த முட்டையை டார்ச் வெளிச்சத்தில் பிடித்தால் நாலைந்து நாளிலேயே சிலந்தி மாதிரி சிவப்புக் கோடுகள் தெரியும். ஒரு ஆய்வகத்தில் மூன்றாம் நாள் முட்டையை எனக்குத் திறந்தே காட்டினார்கள். ஊசியால் கொஞ்சம் வெள்ளைக்கருவை உறிஞ்சியதும் மஞ்சள்கரு முட்டையோட்டிலிருந்து விலகிக் கீழே இறங்கியது. மேலே சிறு கத்தரியால் ஜன்னல் வெட்டினார்கள். உள்ளே துளியூண்டு சிவப்புப் புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. அதன் இரண்டு பக்கமும் குழாய்கள் கிளை பிரிந்து ஓடின. அன்று நான் சாப்பிடக்கூட மறந்துபோனேன்.

அந்தக் குழாய்களின் வடிவத்தை மரபணு மட்டும் முடிவு செய்வதில்லை. வேகமாக ரத்தம் பாயும் குழாய் அகலப்படும், ஓட்டம் குறைந்தது சுருங்கும் என்று ரிச்சர்ட் தோமா என்கிற ஜெர்மன் ஆய்வாளர் கோழிக்கருவைப் பார்த்து 1893-லேயே எழுதினார். தண்ணீர் பாயாத வாய்க்கால் தூர்ந்துபோவது போலத்தான். 2004-ல் லெ நோபிள் என்கிற ஆய்வாளரின் குழுவினர் கோழிக்கருவில் ஒரு தமனியை, அதாவது இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுபோகும் குழாயை, சின்ன கிளிப்பால் தூக்கி அடைத்தார்கள். அந்தப் பக்கத்துத் தமனிக் கிளைகள், ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் சிரைகளாக மாறிவிட்டன!

எனக்கு மிகவும் பிடித்தது 2007-ல் ஹூஸ்டனில் நடந்த ஆய்வு. எலிக்கருவில் சிவப்பணுக்கள் ஓட்டத்தில் சேராமல் தடுத்தார்கள். ரத்தம் நீர்த்துப்போனது, குழாய்களும் ஒழுங்காக வளரவில்லை. ஆக்சிஜன் குறைந்ததாலா, ரத்தம் குழாய்ச் சுவரில் உரசும் விசை குறைந்ததாலா? மாவுச்சத்துக் கரைசலைச் செலுத்தி அந்தத் திரவத்தைக் கெட்டியாக்கிப் பார்த்தார்கள். சிவப்பணு இல்லாமலே குழாய்கள் சீரமைந்தன. விசைதான் காரணம்.

இதில் பாதி பிசிக்ஸ் அம்மா. பாப்பாவுக்கு பயாலஜியைவிட பிசிக்ஸில் மார்க் கூட என்றீர்களே, அதை நான் குறையாக எடுக்கவில்லை. இந்தத் துறைக்கு அதுதான் பலம்.

வழி இரண்டு. ஒன்று, ஐசர் எனப்படும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் ஐந்து வருஷ பி.எஸ்.-எம்.எஸ். படிப்பு; பக்கத்திலேயே திருப்பதியில் இருக்கிறது. நுழைவுத்தேர்வு ஐ.ஏ.டி., நீட்டுக்குப் படித்தது வீண் போகாது. கணக்கை மட்டும் தூசிதட்ட வேண்டும். இன்னொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கை வைத்து தமிழ்நாடு இன்ஜினியரிங் சேர்க்கைக்கான டி.என்.இ.ஏ. கவுன்சலிங்கில் பயோமெடிக்கல் இன்ஜினியரிங். பிறகு எம்.டெக். போன்ற மேற்படிப்புக்கான கேட் தேர்வு எழுதி மேலே போகலாம். வேலைக்குச் சீக்கிரம் போயாக வேண்டிய வீடு என்றால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். எக்கோ, ஸ்கேன் கருவி நிறுவனங்களுக்கு ரத்த ஓட்டம் புரிந்த இன்ஜினியர் தேவை. வயிற்றிலிருக்கும் குழந்தையின் இதய வால்வு அடைத்திருந்தால், இடது பக்கம் ஓட்டம் குறைந்து வளராமல் போய்விடக்கூடாது என்று கர்ப்பத்திலேயே பலூன் வைத்து விரிக்கும் சிகிச்சை இன்று இருக்கிறது. அதற்குப் பின்னால் நிற்பதும் இதே அறிவுதான்.

ஒன்றை மறைக்க மாட்டேன். ஆராய்ச்சி என்றால் பி.எச்டி. முடிக்க இன்னும் ஐந்தாறு வருஷம் ஆகும். நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தகுதி வாங்கினால் மாதம் 37,000 ரூபாய் உண்டு; வீட்டுக்கு அனுப்பப் பெரிதாக மிஞ்சாது.

நோயாளியைத் தன் கையால் குணப்படுத்தணும் என்று அவளே சொன்னால் மட்டும் திரும்ப நீட் எழுதட்டும். அதை அவளிடமே கேளுங்கள். நீங்கள் பதில் எடுத்துக்கொடுக்க வேண்டாம். கேட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள், போனை அவளிடம் கொடுங்கள்.