128 எலிமென்ட் ப்ரோப், நொடிக்கு 2 பிரேம்தான்: பதில்
தம்பி, பாலக்காட்டு லேப்ல 128 எலிமென்ட் (சத்தத்த அனுப்பி வாங்கற குட்டித் துண்டு) இருக்கற அல்ட்ராசவுண்ட் ப்ரோப்ல சிந்தெடிக் அப்பர்ச்சர் (எலிமென்ட் ஒவ்வொண்ணா சுட்டு, வர்ற எதிரொலியெல்லாம் சேத்து ஒரே படமாக்கற முறை) ஓட்டுறேன், 7.7 செமீ ஆழத்துக்கே நொடிக்கு 2 பிரேம்தான் வருது, ப்ரோப் மாத்தணுமான்னு கேட்டிருக்கீங்க. மாத்தாதீங்க, காசு தண்டம். திசுவுல சத்தம் நொடிக்கு 1540 மீட்டர் போகுது, போய்ட்டு வர 100 மைக்ரோசெகண்ட், 128 தடவ சுட்டாலும் 12.8 மில்லிசெகண்ட்தான், ஆக 78 பிரேம் வரணும்ல. இழுக்கறது உங்க டிலே-அண்ட்-சம் கோடு, அதாவது ஒவ்வொரு பிக்சலுக்கும் எதிரொலி வர்ற தாமதத்த (டிலே) தூரத்த வச்சுக் கணக்குப் போட்டு, எல்லாத்தையும் கூட்டற புரோகிராம். பிக்சலுக்குப் பிக்சல் ஸ்கொயர் ரூட் போடாம, டிலேவ ஒரே தடவ டேபிளா வச்சுட்டு கூட்டற வேலைய ஜிபியூவுக்குத் தள்ளுங்க.

இன்னொண்ணு, வாளையார் பக்கம் நாங்க ஜெலட்டின்ல தூண்டில் நரம்பு கோத்து டெஸ்ட் பண்ணப்ப கீழ் நரம்பு மங்கலாத்தான் தெரிஞ்சது, ஒத்த எலிமென்ட்டுக்கு அவ்ளோதான் தெம்பு, பக்கத்துல இருக்கறதையும் சேத்து விர்ச்சுவல் சோர்ஸா (பல எலிமென்ட் சேந்து ஒரே புள்ளியிலேருந்து சத்தம் வர்ற மாதிரி) சுட்டதும் தெளிஞ்சுது. கை ஆடி படம் குழம்புனா ஒரு படத்துக்குச் சுடற ஷாட்ட 16ஆ குறைங்க, சைட்லோப் (பொருளுக்குப் பக்கவாட்டுல தெரியற பொய் வெளிச்சம்) கொஞ்சம் ஏறும், பரவால்ல.