ராத்திரி மிஞ்சிய சோற்றைக் காலையில் சூடாக்கினால் போதுமா?

ராத்திரி முழுக்க வெளியே இருந்துவிட்ட சோற்றை நன்றாகச் சூடாக்கிச் சாப்பிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், கொட்டிவிடுங்கள். மனசு வராதுதான், எனக்கும் வராது.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். சோறு வேகும்போதும் அவை சாவதில்லை. வெதுவெதுப்பிலேயே கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சை விடும். மறுபடி கொதிக்கவைத்தால் பாக்டீரியா சாகலாம். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு அழியாது. மோந்து பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது.

எந்தச் சமைத்த உணவுக்கும் 4 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை ஆபத்தான சூடு. 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். 32 டிகிரிக்கு மேல் வெக்கை அடித்தால் 1 மணி நேரம்தான். 'ஆறட்டும்' என்று பெரிய பாத்திரத்தோடு விட்டுவிடுவதுதான் நாம் செய்யும் பெரிய தப்பு. தொட்டால் மேலே ஆறியிருக்கும், கரண்டியை உள்ளே விட்டுக் கிளறினால் ஆவி வரும். ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்துப் பரப்புங்கள். இளஞ்சூட்டோடு உள்ளே வைத்தால் தப்பில்லை.

ஃப்ரிட்ஜ் 4 டிகிரிக்குள் இருந்தால் பெரும்பாலான உணவு 3, 4 நாள் தாங்கும். சோற்றை மட்டும் நான் மறுநாளே முடித்துவிடுவேன். வேண்டியதை மட்டும் எடுத்து, நடுப்பகுதி 74 டிகிரி தொடும்வரை சூடாக்குங்கள். மைக்ரோவேவ் என்றால் பாதியில் ஒருமுறை கிளறுங்கள், ஓரம் கொதித்தாலும் நடுவில் சில்லென்றே இருக்கும்.